இடது விளக்கா, வலது விளக்கா

...இல்லை, இடது பக்கம்தான் மங்கல், யாரைக் கூப்பிட்டுக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள், வலது பக்கம் கழுவித் துடைத்த வராந்தா போல வெள்ளை வெளேரென்று இருக்கிறது, அடியில் கிடக்கும் மணலை எண்ணலாம், ஆனால் இந்த வெளிச்ச மீட்டரைப் பார், தண்ணீருக்குள் இடது பக்கம் நீட்டினால் முந்நூற்றுப் பத்து, வலது பக்கம் நீட்டினால் வெறும் நூற்று நாற்பது, மங்கலான பக்கத்தில் இரண்டு மடங்கு வெளிச்சமாம், என்ன அநியாயம் இது, மீட்டர் பொய் சொல்கிறதா கண் பொய் சொல்கிறதா... கண்தான், கண்தான் பொய் சொல்கிறது, நீல வெளிச்சம் மனிதக் கண்ணுக்குக் கொஞ்சமாகத் தெரியும், பவளத்துக்கோ அதுதான் முழுச் சாப்பாடு, இதெல்லாம் இப்போது தெரிகிறது, எட்டு மாதத்துக்கு முன்னால் தெரிந்திருந்தால்... சரி, அதை விடு. மணி மூன்று பத்து. ஐந்து மணிக்கு மீன்தொட்டிக் கடைக்காரர் வந்துவிடுவார். மூன்று வாரம் வைத்துப் பாருங்கள் அக்கா என்று இரண்டு விளக்கையும் கொடுத்துவிட்டுப் போன மனிதர், இன்றைக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு போகப்போகிறார், எது போகிறது எது இருக்கிறது என்று அதற்குள் அவள் சொல்லியாக வேண்டும். நாலடி நீளத் தொட்டி, மேலே ஒரு கம்பி, கம்பியில் இடது பக்கம் ஒரு விளக்கு, வலது பக்கம் ஒரு விளக்கு, நடுவில் கறுப்பு அட்டைத் தடுப்பு, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சின்னக் கல், கல்லின் மேல் கட்டை விரல் நீளத்துக்கு ஒரு பவளத் துண்டு. வீட்டில் உயிரோடு இருக்கிற பவளம் இவ்வளவுதான். இந்த இரண்டு துண்டும் போய்விட்டால் தொட்டியைக் காலி செய்து அந்தச் சுவரில் புத்தக அலமாரி அடித்துவிடலாம் என்று அவளே சொல்லியிருக்கிறாள், யாரும் கேட்காமலேயே, ரோஷத்தில்.

இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் கண்ணை அளந்து சம்பாதிக்கிறவள் அவள். கண்ணாடிக் கடையின் பின்னறை, இருட்டு, எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை, வருகிறவர்களின் மூக்கில் கனமான சோதனைச் சட்டத்தை மாட்டி, ஒரு லென்ஸைப் போட்டு, எடுத்து, இன்னொன்றைப் போட்டு, இது நல்லா தெரியுதா, இல்ல அதுவா... இதுவா, அதுவா... ஒரு நாளைக்கு இருநூறு தடவையாவது கேட்டிருப்பாள், தூக்கத்தில்கூடக் கேட்கிறாள் என்று மகள் கிண்டல் செய்வாள், காய்கறிக்காரனிடம் இரண்டு தக்காளியைக் காட்டி இதுவா அதுவா என்று கேட்டுவிட்டு அவளே சிரித்திருக்கிறாள். ஆனால் மனிதர்களுக்கு வாய் இருக்கிறது. இது என்பார்கள், அது என்பார்கள், சில கிழங்கள் ரெண்டும் ஒண்ணுதாம்மா என்று கழுத்தை அறுக்கும், எப்படியோ ஒரு பதில் வந்துவிடும். பவளத்துக்கு எங்கே வாய். அது பதில் சொல்வதற்கு மூன்று வாரம் ஆகும், அந்தப் பதிலும் வெளுத்துப்போவதாக இருக்கலாம்...

வெளுத்ததெல்லாம் பால் என்று நினைக்கிறவர்கள் ஒரு தடவை அந்தக் காலையைப் பார்த்திருக்க வேண்டும். பச்சையும் ஊதாவுமாகப் பதினொரு பவளம், இரண்டு வருடம் பார்த்துப் பார்த்து வளர்த்தது, எலும்பு மாதிரி வெள்ளையாக நின்றது. எல்லாம் அண்ணி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையால் வந்த வினை. அண்ணியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, பாவம், நல்ல மனுஷி, ஆனால் எதைப் பார்த்தாலும் ம்ம், பரவாயில்லையே என்று மட்டும் சொல்கிற மனுஷி, புது சோபாவுக்குப் பரவாயில்லையே, மகளின் மதிப்பெண்ணுக்குப் பரவாயில்லையே, அந்த வாயிலிருந்து ஒரே ஒரு தடவை அடேயப்பா வர வேண்டும் என்று இருபது வருடமாக அவளுக்கு ஓர் ஆசை. அண்ணி வந்ததோ பட்டப்பகலில், ஜன்னல் வெயில் கூடம் முழுக்க, தொட்டி சோகையாகத் தெரிந்தது. பழைய விளக்கில் இரண்டு திருகு உண்டு, வெள்ளைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று, நீலத்தை நாலுக்கு மேல் ஏற்றாதீர்கள் என்று கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார், இவள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு நீலத்தைப் பத்துக்குத் திருகினாள். பவளமெல்லாம் உள்ளுக்குள் பல்பு எரிகிற மாதிரி ஜொலித்தது. அண்ணி குனிந்து பார்த்தாள், நிமிர்ந்தாள், அடேயப்பா என்றாள். அந்த ஒரு அடேயப்பாவுக்காக... திருகைத் திருப்பி வைத்தாளா, வைக்கவில்லையா? அண்ணன் கிளம்பலாமா என்றார், செருப்பைத் தேடினார்கள், வாசல் வரை போனாள், திரும்பி வந்து பாத்திரம் கழுவினாள், திருகு... நினைவில்லை. பன்னிரண்டு நாள் கழித்து ஒவ்வொன்றாக வெளுக்க ஆரம்பித்தது.

பின் பால்கனியில் வாளி சத்தம் கேட்கிறது. அவர்தான், வீட்டுக்காரர், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி என்றால் உப்புத் தண்ணீர் கலக்குகிற நேரம். தொட்டிக்கு வாரம் இரண்டு வாளி புதுத் தண்ணீர் வேண்டும், கடல் உப்பை எடைபோட்டு, கரைத்து, அளவு பார்த்து... அது தொட்டி வந்த நாளிலிருந்து அவர் வேலை. ஃபிரிட்ஜ் மெக்கானிக்குக் கைக்கணக்கு என்பதே கிடையாது, எல்லாம் கருவி, எல்லாம் அளவு, எல்லாம் எழுத்து. அவர் கை பட்ட எந்தச் சாமானையும் திருப்பிப் பார்த்தால் மார்க்கர் பேனாவில் ஒரு வரி இருக்கும். ஃபிரிட்ஜுக்குப் பின்னால், கேஸ் நிரப்பியது, தேதி, முன்பு இருந்த அழுத்தம், பின்பு வைத்த அழுத்தம். மிக்சியின் அடியில், கார்பன் மாத்தினது, தேதி. சுவர்க் கடிகாரத்தின் முதுகில், அஞ்சு நிமிஷம் லேட்டா ஓடுச்சு, சரி பண்ணினது, தேதி. அப்பா, என் முதுகுலயும் ஏதாவது எழுதி வெச்சிருக்கீங்களா என்று மகள் ஒருநாள் கேட்டாள். அவர் சிரிக்கவில்லை, தொழில் விஷயத்தில் அவருக்குச் சிரிப்பு வராது, "அடுத்துத் திறக்கிறவனுக்குத் தெரியணும்ல" என்றார், "முன்னாடி என்ன இருந்துச்சு, நாம என்ன மாத்தினோம்னு எழுதலைன்னா அவன் பாவம், முட்டாள் மாதிரி தேடிட்டு இருப்பான்." அப்படிப்பட்ட மனிதர் மேல்தான் அவள் பழியைப் போட்டாள்.

சாப்பாட்டு மேஜையில். மகளுக்குப் பரீட்சை முடிவு வந்த நாள், பதினேழாம் தேதி, நன்றாக நினைவிருக்கிறது, வீட்டில் ஒரு பக்கம் சந்தோஷம், மறுபக்கம் தொட்டியில் பதினொரு எலும்பு. உப்புதான், என்றாள் அவள். நீங்க உப்பு கூடப் போட்டுட்டீங்க. சொல்லிவிட்டு ஒரு மடக்கு தண்ணீர் குடித்தாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவர் கையிலிருந்த கவளத்தைப் பார்த்தார், மென்றார், "இருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். மறுநாள் காலை அவர் வேலைக்குப் போன பிறகு அவள் ஸ்டூல் போட்டு ஏறி விளக்கின் நீலத் திருகைப் பார்த்தாள். நாலில் இருந்தது. அப்பாடா... அப்படியானால் அண்ணி போனதுமே அவளே திருப்பி வைத்திருக்கிறாள், மறந்துபோயிருக்கிறாள், விளக்கு இல்லை, உப்புதான், உப்பேதான். ஸ்டூலை விட்டு இறங்கியபோது கால் லேசாக இருந்தது. அன்றிலிருந்து அவர் உப்பை இரண்டு தடவை எடை போடுகிறார். எட்டு மாதமாக. ஒவ்வொரு ஞாயிறும் வாளியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ரெண்டு தடவை எடை பாத்துட்டேன் என்று சொல்லிவிட்டுப் போகிறார், குத்தலே இல்லாத குரலில். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள், இவள் உப்பிட்டவரைப் பிடித்துக் கூண்டில் ஏற்றிவிட்டாள்.

ஆனால் ஒன்று உறுத்தியது. பாறை இடுக்கில், நிழலில், கிளைப் பவளத்தின் அடிக்கொம்பு ஒன்று மட்டும் சாகவில்லை. அழுக்குப் பழுப்பு, ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், ஆனால் உயிர் இருந்தது. உப்பு என்றால் நிழலுக்கு ஒரு உப்பு வெளிச்சத்துக்கு ஒரு உப்பா? இந்தக் கேள்வி வந்த அன்றே அதன் வாயைப் பொத்தி உட்கார வைத்துவிட்டாள். திருகு நாலில் இருந்ததே... நாலில் இருந்ததைக் கண்ணால் பார்த்தாளே... கண்ணால்! அதற்கப்புறம்தான் கண்ணாடிக் கடையில் ஒரு நடுக்கம் வந்தது. ஒரு தடவை அளந்து எழுதிக் கொடுக்கிறவள் மூன்று தடவை அளந்தாள். இதுவா அதுவா என்று கேட்டு, அது என்று பதில் வந்ததும், நிஜமாவா, நல்லாப் பாத்துச் சொல்லுங்க என்று மறுபடி கேட்டாள். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் சட்டத்தைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, ஏம்மா, சந்தேகம் எனக்கா உங்களுக்கா என்று கேட்டுவிட்டார். அன்று மதியம் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தன் கண்ணை நம்பாதவள் அடுத்தவர் கண்ணுக்கு எப்படி எழுதிக் கொடுப்பது. அந்த அடிக்கொம்பைப் பிழைக்கவைத்துவிட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று ஏனோ மனதில் விழுந்துவிட்டது. பழைய விளக்கைக் கழற்றி அலமாரி மேல் போட்டாள். ஆறு மாதம் வெறும் ஜன்னல் வெளிச்சமும் ஒரு சின்னக் குழல் விளக்கும், பத்தியச் சாப்பாடு மாதிரி. கொம்பு சாகவும் இல்லை, வளரவும் இல்லை. பிறகுதான் கடைக்காரர், சும்மா பட்டினி போட்டா எப்படிக்கா, ரெண்டு விளக்கு தர்றேன், அதுகிட்டயே கேட்டுப் பாருங்க என்றார்.

அதுகிட்டயே கேட்டுப் பாருங்க! அந்த வார்த்தை அவளுக்குப் பிடித்துவிட்டது. கொம்பைக் குறட்டால் இரண்டாக ஒடித்தபோது கிளிக் என்று ஒரு சத்தம், தன் விரல் ஒடிந்த மாதிரி... இரண்டு துண்டையும் இரண்டு கல்லில் பசை வைத்து ஒட்டினாள். இடது விளக்கு பகட்டுக்காரி, கைப்பேசியிலேயே நிறம் மாற்றலாம், சூரிய உதயம் காட்டுவாள், மேகம் காட்டுவாள், இடி மின்னல்கூட உண்டாம், பவளத்துக்கு இடி மின்னல் எதற்கு என்று யாரும் கேட்கக் கூடாது. வலது விளக்கு பார்ப்பதற்குக் குளியலறை விளக்கு, போட்டால் எரியும், அணைத்தால் அணையும், அதற்கு மேல் அதனிடம் பேச்சில்லை. முதல் நாளே மகள் ஓட்டுப் போட்டுவிட்டாள், "அம்மா, லெஃப்டுதான், கண்ணை மூடிட்டு வாங்கு, ரைட்டுல மீனெல்லாம் வெயிட்டிங் ரூம்ல உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு." கடைக்காரரும் இடது பக்கம்தான் சாய்கிறார், அவர் வியாபாரி, சாயத்தான் செய்வார். வீட்டுக்காரரிடம் கேட்டபோது அவர் தொட்டியைப் பார்க்கவில்லை, இரண்டு விளக்கின் மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "சூடு ரெண்டும் ஒண்ணுதான்" என்றார், பிறகு, "வளர்க்கிறது நீ, உனக்கு எது சரின்னு படுதோ அது" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மூன்று வாரமாகத் தினமும் பார்க்கிறாள், வேண்டுமென்றே தூரத்திலிருந்து பார்க்கிறாள், கிட்டப் போய்ப் பார்த்தால் மறுபடி கண் ஏமாற்றிவிடுமோ என்று பயம். இன்றைக்குப் பயந்துகொண்டிருக்க நேரமில்லை. மணி மூன்று ஐம்பது.

இடது துண்டு முதலில். அடேயப்பா, என்ன ஒரு பச்சை, கிளியைக் கரைத்து ஊற்றிய மாதிரி, அண்ணி இதைப் பார்த்தால் உட்கார்ந்தே விடுவாள், ஆனால்... அந்தச் சின்னச் சின்னக் கைகள் எங்கே, பவளம் நிம்மதியாக இருந்தால் மேலெல்லாம் மயிரிழைபோல் கைகளை நீட்டிக்கொண்டு இருக்குமே, ஒன்றையும் காணோம், எல்லாக் கதவையும் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறது, அடியில் பசை வைத்து ஒட்டின இடத்தில் லேசாக வெளிறியிருக்கிறது, ஆமாம், வெளிறித்தான் இருக்கிறது. மின்னுவதெல்லாம்... சரி, பழமொழி பிறகு. வலது துண்டு. பழுப்பு, அதே அழுக்குப் பழுப்பு, கொஞ்சம் பச்சை ஓடியிருக்கிறதோ, மேலே நுனியில்... நுனியில் வெள்ளை.

வெள்ளை. நுனி முழுக்க வெள்ளை. நேற்று இருந்ததா, இல்லையே, தூரத்திலிருந்து தெரிந்திருக்காது, முட்டாள், தூரத்தில் நின்று என்ன வேடிக்கை பார்த்தாய்... அப்படியானால் இதுவும் போய்விட்டது, அன்றைக்கும் நுனியில்தான் ஆரம்பித்தது, நுனியில் ஒரு வெள்ளைப் பொட்டு, மறுநாள் பாதி, மூன்றாம் நாள் எலும்பு. இடதும் போச்சு, வலதும் போச்சு, புத்தக அலமாரிக்கு ஆசாரியைக் கூப்பிட வேண்டியதுதான், பின்னால் வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம், எடை போடுகிற தராசின் சின்னக் கீச்சு, ஒரு தடவை... இரண்டாவது தடவை... கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது இதுதான். தரையில் உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாளோ, எதிரே கைப்பை, கைப்பையில் கடையிலிருந்து பழுது பார்க்கக் கொண்டுவந்த சோதனை லென்ஸ் பெட்டி... லென்ஸ். பிளஸ் பத்து, பூதக்கண்ணாடி மாதிரி பெரிதாகக் காட்டுவது. இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள், வெறுங்கண்ணால பாத்துட்டு ஒரு முடிவுக்கு வராதீங்க என்று, தனக்குத் தானே ஒரு தடவை சொல்லிக்கொண்டால் என்ன.

பிளஸ் பத்தைக் கைப்பிடியோடு எடுத்துத் தொட்டிக் கண்ணாடியில் ஒட்டி வைத்தாள், முகத்தைக் கொண்டுபோனாள், முதலில் கலங்கல், கொஞ்சம் பின்னால், இன்னும் கொஞ்சம்... வந்துவிட்டது. வெள்ளைதான், ஆனால் எலும்பு வெள்ளை இல்லை, பால் பல் வெள்ளை, உள்ளே வெளிச்சம் ஊடுருவுகிற வெள்ளை, அதன் மேல் வட்ட வட்டமாகக் குட்டிக் கிண்ணங்கள், ஒன்று, இரண்டு, ஐந்து, ஏழு, ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் கை நீட்டிக்கொண்டு, செத்த இடத்தில் எங்கே கிண்ணம் முளைக்கும், இது சாவு இல்லை, இது புதுசு, இது வளர்கிற நுனி! வளர்கிற வேகத்தில் நிறம் பூச நேரமில்லாமல் வெள்ளையாக ஓடிக்கொண்டிருக்கிறது. லென்ஸைக் கீழே இறக்கினாள், அடிப் பாகத்தைப் பார், பசை எங்கே, பசையைக் காணோம், பவளத்தின் சதை மெழுகு வழிந்த மாதிரி பசையை மூடிக் கல்லின் மேல் ஊர்ந்திருக்கிறது, கல்லைப் பிடித்துக்கொண்டுவிட்டது, இதுதான் என் இடம் என்று பட்டா எழுதிக்கொண்டுவிட்டது. பதில் சொல்லிவிட்டது! வாயில்லாத ஜீவன், இதுவா அதுவா என்று கேட்டதற்கு, மூன்று வாரம் யோசித்து, இது என்று சொல்லிவிட்டது. அவளுக்கு எழுந்து கூடத்தை ஒரு சுற்று ஓடிவர வேண்டும் போல் இருந்தது, ஐம்பது வயதில் ஓடினால் முழங்கால் கேள்வி கேட்கும், அதனால் நின்ற இடத்திலேயே இரண்டு தடவை குதித்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது, வரட்டும், துடைக்கவில்லை. குளியலறை விளக்கே, என் ராசாத்தி, உன்னைப் போய்க் குளியலறை விளக்கு என்று சொன்னேனே. நாளைக்குக் கடையில் முதல் ஆளுக்கு ஒரே ஒரு தடவைதான் அளக்கப்போகிறாள். அந்த வாத்தியார் மறுபடி வந்தால் நன்றாக இருக்கும்.

கடைக்காரர் ஐந்துக்குப் பத்து நிமிடம் முன்பே வந்துவிட்டார், மகள்தான் கதவைத் திறந்தாள். "என்னக்கா, லெஃப்டுதானே?" என்றார், கம்பியிலிருந்து வலது விளக்கைக் கழற்றக் கையை உயர்த்திக்கொண்டே. அவள் இடது விளக்கைக் காட்டினாள். "இதை எடுத்துட்டுப் போங்க." மகள், ஐயோ அம்மா, என்றாள். கடைக்காரர் சிரித்தார், "அக்கா, அதைக் குறைச்சு வெச்சுக்கலாம்கா, கைப்பேசியில ஒரு தட்டு தட்டினா போதும், பாதியாயிடும்." குறைக்கலாம், தெரியும். குறைக்கத் தெரிந்த கைக்கு ஏற்றவும் தெரியும், யாராவது வருவார்கள், ஜன்னலில் வெயில் இருக்கும், ஒரு அடேயப்பா வேண்டியிருக்கும்... "விளக்கைப் பத்தி இல்லைங்க," என்றாள், "என்னைப் பத்தி எனக்குத் தெரியும்." பிளஸ் பத்தைக் கையில் கொடுத்து அவரையும் பார்க்கச் சொன்னாள். மனிதர் குனிந்தார், குனிந்தவர் நிமிரவே இல்லை. பதினைந்து வருடமாகப் பவளம் விற்கிறவர். "வேர் பிடிச்சிருச்சுக்கா" என்றார் கடைசியில், குரலே மாறிப்போயிருந்தது, "சாகக் கிடந்த கொம்புலேர்ந்து... கடையில எனக்கே இப்படி வந்ததில்லை." மகளும் பார்த்தாள், இரண்டு கிண்ணத்தை எண்ணினாள், மூன்றாவதை எண்ணினாள், வெயிட்டிங் ரூம் என்று ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு உச்சந்தலை வரை இனித்தது. அண்ணியின் அடேயப்பா இதற்கு முன்னால் எந்த மூலைக்கு.

இடது விளக்கைப் பெட்டியில் வைத்துக் கட்டும்போது கடைக்காரர் கேட்டார், "அந்தப் பழசு இருந்தா குடுங்கக்கா, உதிரி பாகத்துக்கு ஆகும்." இருக்கட்டும், தருகிறேன், இந்த வீட்டில் அதற்கு இனி என்ன வேலை. ஸ்டூல் போட்டு ஏறி, அலமாரி மேலிருந்து இறக்கினாள், ஏழு மாதத் தூசு, துணியால் முன்பக்கம் துடைத்தாள், நீலத் திருகு இன்னும் நாலில்தான் நின்றது, பார், நாலு, அன்றைக்கும் நாலுதான்... பின்பக்கம் துடைக்கத் திருப்பினாள். சூடு போகிற துளைகளுக்குக் கீழே, தூசு விலகிய இடத்தில், மார்க்கர் பேனா.

நீலம் 10ல இருந்தது. 4 வெச்சது. தேதி. பதினைந்து.

பதினைந்து... பரீட்சை முடிவு பதினேழு. மேஜையில் உட்கார்ந்து உப்புதான் என்று அவள் சொன்னது பதினேழு. அப்படியானால் அன்றைக்கு அந்தக் கவளத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம் என்று சொன்னபோது... இரண்டு நாள் முன்னாலேயே... பழி ஓரிடம் பாவம் ஓரிடம், அது அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. நிழலில் பிழைத்த கொம்பு, அதே வாளி, அதே உப்பு, அதே மனிதர், இன்று வளர்ந்து நிற்கிற வெள்ளை நுனி, எல்லாம் ஒரே வரிசையில் வந்து நின்றன, சரியான லென்ஸ் விழுந்ததும் எழுத்துப் பலகையின் கடைசி வரி வந்து நிற்கிற மாதிரி. ஏன் சொல்லவில்லை. ஒரு வார்த்தை, நான் இல்லை, நீதான் என்று... சொல்லியிருந்தால் அவள் என்ன செய்திருப்பாள், ஒத்துக்கொண்டிருப்பாளா, இல்லை கத்தியிருப்பாளா? கத்தித்தான் இருப்பாள். அன்றே தொட்டியை உடைத்திருப்பாள். உப்பில் குற்றமில்லை என்று தெரிந்தும் எதற்காக இரண்டு தடவை எடை...

"அக்கா, பழசு?" கடைக்காரர் கையை நீட்டினார்.

"இது இருக்கட்டும்ங்க," என்றாள், விளக்கை மடியில் கவிழ்த்துக்கொண்டு ஸ்டூலிலேயே உட்கார்ந்து.

அவர் ஒன்றும் புரியாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார், மகள் கதவு வரை போனாள். பால்கனிக் கதவு திறந்தது. வீட்டுக்காரர் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார், முழங்கை வரை நனைந்திருந்தது, வாளியைத் தொட்டியருகில் இறக்கி வைத்து, "ரெண்டு தடவை எடை பாத்துட்டேன்" என்றார்.

"இனிமே ஒரு தடவை பாத்தா போதும்ங்க."

அவர் அவளைப் பார்த்தார். மடியில் கவிழ்ந்திருந்த பழைய விளக்கைப் பார்த்தாரா, தெரியவில்லை, பார்வை அதன் மேல் போனதா, தாண்டிப் போனதா... "சரி" என்றார். பிறகு தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, "நுனி வெள்ளையா இருக்கே" என்றார், பயந்துபோன குரலில். அவள் பிளஸ் பத்தை அவரிடம் நீட்டினாள். அவர் முட்டி போட்டுக் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டார், காது மடல்கூட அசையவில்லை, மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. "அட," என்றார், "முளைச்சிருக்கு." அந்த அட அவளுக்கு உள்ளங்கால் வரை இறங்கியது. ஜெயித்தாகிவிட்டது, இதற்கு மேல் என்ன வேண்டும், ஆனால்... அடுத்துத் திறக்கிறவனுக்குத் தெரியணும்ல. அடுத்துத் திறக்கப்போவது யாரென்று அவருக்கு அன்றைக்கே தெரிந்துதான் எழுதினாரா, இல்லை கைப்பழக்கத்தில் எழுதிவிட்டாரா? குனிந்திருந்தவரின் சட்டைப் பையிலிருந்து மார்க்கர் பேனாவை உருவினாள். அவர் திரும்பவில்லை. அவருடைய வரிக்குக் கீழே இடம் இருந்தது. அங்கே இன்றைய தேதியை எழுதினாள். அதற்கு அடுத்து என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டு, பேனா மூடியைத் திறந்தபடியே வைத்திருந்தாள்.